கோடியக்கரைக்கு எத்தனை மடங்கு ஸ்கோப் வேண்டும்?

திருத்துறைப்பூண்டி பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றிலிருந்து ஒரு டீச்சர் கேட்டிருக்கிறார்: "எங்கள் பசுமைப்படை மாணவர்களுக்காக முன்னாள் மாணவர்கள் பணம் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். பறவை பார்க்க ஒரு ஸ்பாட்டிங் ஸ்கோப் (ட்ரைபாடில் வைத்து ஒற்றைக் கண்ணால் பார்க்கும் தொலைநோக்கி) வாங்கப் போகிறோம். கோடியக்கரை, வடுவூர், உதயமார்த்தாண்டபுரம், இந்த மூன்று இடத்துக்கும்தான் அதிகம் போவோம். 15-45×65, 20-60×80, 25-75×70 என்று மூன்று வகை பார்த்து வைத்திருக்கிறோம். மூன்றாவது விலை குறைவு, ஜூமும் அதிகம். திருச்சியில் ரைபிள் கிளப்புக்குப் போகும் என் தம்பியும், தூரத்துக்கு எவ்வளவு பவர் கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது என்கிறான். எதை வாங்குவது ஐயா?"

டீச்சர், பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 20-60×80 வாங்குங்கள், அதாவது 20 மடங்கிலிருந்து 60 மடங்குவரை பெரிதாக்கிக் காட்டுவதை. வாங்கிய பிறகு பெரும்பாலான நேரம் அதை 20-க்கும் 35-க்கும் நடுவில்தான் வைத்திருப்பீர்கள். 25-75×70 வேண்டவே வேண்டாம். 15-45×65 மோசமில்லை, தூக்க லேசானது. பணம் பற்றாமல் போனால் தயங்காமல் அதற்கு இறங்கலாம். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் நீளமாகப் பேச வேண்டும். ஏனென்றால் நம் டெல்டாவில் எத்தனை மடங்கு பெருக்கலாம் என்பதை ஸ்கோப்பைவிட அதிகமாகத் தீர்மானிப்பது காற்று.

கணக்கு எளிது. 60 மடங்கு என்றால், 600 மீட்டர் தள்ளி நிற்கிற பறவை 10 மீட்டரில் நிற்பதுபோல் தெரிய வேண்டும். 20 மடங்கில் அதே பறவை 30 மீட்டரில் நிற்பதுபோல். இதை மட்டும் பார்த்தால் உங்கள் தம்பி சொல்வது சரிதான். ஆனால் 10 மீட்டரில் நிற்கும் பறவையை நாம் பார்க்கும்போது நடுவில் இருப்பது 10 மீட்டர் காற்று. ஸ்கோப்பில் பார்க்கும்போது நடுவில் இருப்பது முழு 600 மீட்டர் காற்று. பறவையைப் பெரிதாக்கும் ஸ்கோப் அந்தக் காற்றின் அசைவையும் அதே 60 மடங்கு பெரிதாக்குகிறது.

வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரை போகும் சாலையில் காலை ஒன்பது மணிக்கு மேல் நின்று, உப்பளங்களையும் அவற்றுக்கு அப்பால் விரியும் சதுப்பையும் வெறும் கண்ணால் பாருங்கள். தூரத்தில் தரையும் வானமும் சேருகிற இடம் நெளியும். அதுதான் கானல். வெயில் தரையைச் சுட வைக்கிறது, தரையை ஒட்டிய காற்று சூடாகி லேசாகி மேலே எழுகிறது, அந்த இடத்துக்குக் குளிர்ந்த காற்று இறங்குகிறது. சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் ஒளியை வெவ்வேறு அளவில் வளைக்கும். இப்படிக் கலங்கிக்கொண்டே இருக்கிற காற்றைத் தாண்டி வருகிற ஒளி நேராக வராது, நிலையாகவும் வராது. 20 மடங்கில் பறவையின் விளிம்பு கொஞ்சம் துடிக்கும், ஆனால் பறவை பறவையாகவே இருக்கும். 60 மடங்கில் வைத்தால் கால் எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. பூநாரைகள் இளஞ்சிவப்புத் தீப்பொறிகளாக ஆடும். அழகாகத்தான் இருக்கும், ஆனால் அதில் எத்தனை முதிர்ந்தவை, எத்தனை இளசுகள் என்று எண்ண முடியாது.

எண்ணிக்கையில் சொன்னால் இன்னும் தெளிவாகும். 80 மில்லிமீட்டர் முன்கண்ணாடி உள்ள நல்ல ஸ்கோப், காற்று துளியும் கலங்காமல் இருந்தால், 500 மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 3.5 மில்லிமீட்டர் அளவு நுணுக்கத்தைப் பிரித்துக் காட்டும். அது கண்ணாடியின் எல்லை. வெயில் ஏறிய உப்பளத்தில் அதே 500 மீட்டரில் கானல் ஒரு சென்டிமீட்டர், சில நாள் இரண்டு சென்டிமீட்டர் அளவுள்ள நுணுக்கத்தை எளிதாக அழித்துவிடும். கொசு உள்ளான் என்கிற சின்னக் கரைப்பறவையின் அலகே 18 மில்லிமீட்டர்தான். அந்த அலகு நேரா, நுனியில் வளைந்ததா என்று பார்க்கத்தான் ஸ்கோப் வாங்குகிறோம். கானல் அதை விழுங்கிவிட்ட பிறகு எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும் விழுங்கியது திரும்பாது.

உங்கள் தம்பி சொன்னதற்கு வருகிறேன். அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. வெளிநாடுகளில் 1000 கஜம்வரை இலக்குச் சுடும் போட்டிகளில் 15-55, 10-60 மடங்கு ஸ்கோப்புகளைத் துப்பாக்கியில் பொருத்துகிறார்கள். அப்படிப்பட்ட போட்டிகளில் ஒன்றான எஃப்-கிளாஸின் அமெரிக்க இலக்கில் 1000 கஜத்துக்கான பத்துப் புள்ளி வட்டம் 10 அங்குல அகலம், அதற்குள் இருக்கும் எக்ஸ் வட்டம் 5 அங்குலம். அந்தச் சின்ன வட்டத்தின் நடுவைப் பார்க்க அதிக மடங்கு உதவுகிறது. ஆனால் அவர்கள் பார்ப்பது அசையாத, கறுப்பு வெள்ளையில் அச்சடித்த, எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்த ஒரு அட்டை. துப்பாக்கியும் தாங்கியின் மேல் அசையாமல் படுத்திருக்கிறது. அப்படி இருந்தும், கானல் கொதிக்கத் தொடங்கியதும் அவர்கள் செய்கிற முதல் காரியம் ஜூமைக் குறைப்பது.

இதைவிட முக்கியமான இன்னொரு பழக்கம் அவர்களிடம் இருக்கிறது. அதை உங்கள் மாணவர்களுக்கு நீங்கள் சொல்லித் தரலாம். பக்கத்தில் ஒரு ஸ்பாட்டிங் ஸ்கோப்பை 20, 25 மடங்கில் வைத்து, இலக்குக்குக் கொஞ்சம் முன்னால் ஃபோகஸ் செய்து, கானல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துக் காற்றைக் கணிப்பார்கள். கானல் நேராக மேலே கொதித்தால் குறுக்குக்காற்று இல்லை. சாய்ந்து ஓடினால் அந்தப் பக்கம் காற்று. தட்டையாக ஆறுபோல் ஓடினால் காற்று பலம். கானலோடு சண்டை போடாமல் அதைப் படிக்கிறார்கள். நாமும் அப்படித்தான் செய்ய வேண்டும். ஸ்கோப்பை நிறுத்தியவுடன் முதலில் பறவையைத் தேடாமல் காற்றைப் பாருங்கள். அது கொதிக்கிற நேரமா, அடங்கிய நேரமா என்று தெரிந்த பிறகு ஜூமைத் தொடுங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒலிம்பிக் ரைபிள் போட்டிகளில் துப்பாக்கியில் ஸ்கோப் வைக்கவே அனுமதி இல்லை. கண்ணாடி இல்லாத ஒரு சின்னத் துளை வழியாகக் குறிபார்த்துத்தான் சுடுகிறார்கள். தூரத்துச் சாமர்த்தியம் எல்லாம் பவரில்தான் இருக்கிறது என்று தம்பி மறுபடி சொன்னால் இதை நினைவுபடுத்துங்கள்.

சரி, கானலைக் குறைக்க என்ன வழி? நேரம்தான் முதல் வழி. சூரியன் எழுந்து முதல் ஒன்றரை, இரண்டு மணி நேரம் தங்கம். வேதாரண்யம் - கோடியக்கரை சாலையில் இதற்கு இன்னொரு நன்மையும் உண்டு. சதுப்பு சாலைக்கு மேற்கே இருக்கிறது, ஆகவே காலையில் வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னால் விழும், பறவையின் நிறம் அப்படியே தெரியும். மாலையில் அதே இடத்தில் நின்றால் எதிர்வெயிலில் எல்லாமே கறுப்பு நிழலாகிவிடும். பள்ளிப் பேருந்தைப் பத்து மணிக்குக் கிளப்பி மதியம் கோடியக்கரையில் நிற்பதாக இருந்தால், உலகத்தின் விலை உயர்ந்த ஸ்கோப்பை வாங்கினாலும் பிள்ளைகள் நெளிகிற வெள்ளைப் புள்ளிகளைத்தான் பார்ப்பார்கள். முடிந்தால் முதல் நாள் இரவு வேதாரண்யத்திலேயே தங்கிவிடுங்கள்.

இரண்டாவது வழி உயரம். கானல் தரையை ஒட்டித்தான் மோசம். வரப்பில் உட்கார்ந்து பார்ப்பதைவிடக் கண்காணிப்புக் கோபுரத்தில் நின்று பார்த்தால் பார்வைக் கோடு அந்தக் கொதிக்கும் அடுக்கைச் சாய்வாக, சீக்கிரம் தாண்டிவிடும். வடுவூரிலும் கோடியக்கரையிலும் கோபுரங்கள் இருக்கின்றன. மூன்றாவது, தரையின் தன்மை. காய்ந்த சேறும் உப்புப் பாத்தி வரப்பும் சீக்கிரம் சூடாகும். தண்ணீர் நின்ற வயலும் ஏரியும் மெதுவாகத்தான் சூடாகும், அதனால் அவற்றின் மேல் காற்று கொஞ்சம் அமைதி. எங்கே நிற்பது என்று தேர்ந்தெடுக்கும்போது உங்களுக்கும் பறவைக்கும் நடுவில் தண்ணீர் அதிகமாக, காய்ந்த தரை குறைவாக இருக்கும்படி பாருங்கள். நான்காவது, கிட்டே போவது. தூரத்தைப் பாதியாக்கினால் படம் இரண்டு மடங்கு பெரிதாகிறது, நடுவில் உள்ள கெட்ட காற்றும் பாதியாகிறது. ஜூமைத் திருகினால் முதலாவது மட்டும்தான் நடக்கும். பறவையை எழுப்பாமல், உப்பளக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, சரணாலயத்துக்குள் வனத்துறை அனுமதித்த பாதையில் எவ்வளவு கிட்டே போக முடியுமோ அவ்வளவு போங்கள்.

இனி கண்ணாடிக்கு வருவோம். 20-60×80 என்பதில் கடைசி எண்ணான 80தான் முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். கடையில் யாரும் அதைப் பற்றிப் பேசமாட்டார்கள், 60, 75 என்றுதான் பேசுவார்கள். ஆனால் ஒளி நுழைகிற வழி அது ஒன்றுதான். வாய்க்காலை எத்தனை அகலமாக வெட்டினாலும் மதகு விடுகிற தண்ணீர்தானே வயலுக்கு வரும், அதுபோலத்தான் ஜூம். முன்கண்ணாடியின் விட்டத்தை மடங்கால் வகுத்தால் கண்ணுக்குள் வருகிற ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 80-ஐ 20-ஆல் வகுத்தால் 4 மில்லிமீட்டர். 40-ஆல் வகுத்தால் 2. 60-ஆல் வகுத்தால் 1.3. பகல் வெளிச்சத்தில் நம் கண்மணி 2, 3 மில்லிமீட்டர் திறந்திருக்கும், மங்கலில் இன்னும் விரியும். ஒளிக்கற்றை கண்மணியைவிட மெல்லியதாகப் போகப் போகப் படம் மங்கும், ஒரு மில்லிமீட்டர் பக்கம் வந்தால் சாம்பல் பூத்ததுபோல் ஆகிவிடும், கண்ணை வைக்கிற இடம் ஒரு முடியளவு தவறினாலும் படம் மறையும்.

இப்போது அந்த 25-75×70-ஐ வகுத்துப் பாருங்கள். 75 மடங்கில் 0.93 மில்லிமீட்டர். விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருக்கும் அந்த 75 பயன்படுத்த முடியாத எண். சரி, 75-ஐ விட்டுவிட்டுக் கீழே வைத்துப் பார்க்கலாமே என்றால், அதன் கீழ் எல்லையே 25. பிள்ளைகள் பறவையைத் தேடிக் கண்டுபிடிக்க 20-ஏ கஷ்டம், 25 அதைவிடக் கஷ்டம். இவ்வளவு பெரிய ஜூமை இவ்வளவு குறைந்த விலைக்குக் கொடுப்பவர்கள் கண்ணாடியின் தரத்தில்தான் கைவைப்பார்கள். 15-45×65-க்கு 45-இல் 1.4 மில்லிமீட்டர் வருகிறது, 60 மடங்கில் 80 மில்லிமீட்டர் ஸ்கோப் தருவதைவிடக் கொஞ்சம் மேல். அதனால்தான் அதை மோசமில்லை என்றேன்.

எவ்வளவு அகலம் தெரிகிறது என்பதையும் பார்க்க வேண்டும், உங்களுக்கு அது மிக முக்கியம். பெரும்பாலான 20-60 ஸ்கோப்புகளில் 1000 மீட்டர் தூரத்தில், 20 மடங்கில் 35 மீட்டர் அகலம் ஒரே நேரத்தில் தெரியும், 60 மடங்கில் அதில் ஏறக்குறைய பாதிதான். 300 மீட்டரில் நிற்கும் கூட்டத்தைப் பார்க்கும்போது 10 மீட்டரா, 5 மீட்டரா என்பது பெரிய வித்தியாசம். வரிசையில் இருபது பிள்ளைகள் நிற்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் சில நொடிதான் கிடைக்கும். அகலமான படத்தில் கண்ணை வைத்தவுடன் ஏதாவது ஒரு பறவை கிடைத்துவிடும். குறுகிய படத்தில் பறவை இரண்டடி நடந்தாலே வெளியே போய்விடும், அடுத்த பிள்ளை "ஒண்ணும் தெரியல டீச்சர்" என்று நகர்ந்துவிடும். முதல் தடவை ஒன்றும் தெரியாமல் போன பிள்ளை இரண்டாவது தடவை வரிசையில் நிற்பதில்லை. இதை நான் ஒரு பெரிய இழப்பாகவே நினைக்கிறேன்.

ஜனவரியில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு, பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு என்று வரும்போதும் இதே கதைதான். வடுவூர் ஏரி நடுவில் ஊசிவால் வாத்துகளும் நீலச்சிறகு வாத்துகளும் அடர்த்தியாக மிதக்கும்போது, பத்துப் பத்தாக, நூறு நூறாகக் கட்டி எண்ண வேண்டும். ஸ்கோப்பை இடமிருந்து வலமாக மெதுவாக ஓட்டிக்கொண்டு எண்ணுவதற்கு 20தான் சரி. அங்கே மாலை ஐந்து மணிக்கு மேல் அரிவாள் மூக்கன்களும் கொக்குகளும் நீர்க்காகங்களும் கூட்டம் கூட்டமாக அடையத் திரும்பும்போது வெளிச்சமும் விழுந்துகொண்டிருக்கும். அப்போது 4 மில்லிமீட்டர் ஒளிக்கற்றையின் அருமை தெரியும். 20-இலிருந்து 60-க்குப் போனால் படத்தின் வெளிச்சம் பல மடங்கு சரியும், அந்தி நேரத்தில் அதன்பிறகு நிறமே தெரியாது.

அப்படியானால் 60 எதற்கு, 20-40 போதுமே என்று கேட்பீர்கள். 60 தேவைப்படுகிற தருணங்கள் இருக்கின்றன. கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாகப் பறவைகளுக்கு வளையமிட்டு வருகிறது. வலசைப் பாதையில் வேறு நாடுகளிலும் உள்ளான்களின் காலில் வண்ணக் கொடியும் அதில் எழுத்தும் எண்ணும் போட்டு அனுப்புகிறார்கள். அந்தச் சில மில்லிமீட்டர் எழுத்தைப் படித்துவிட்டால் ஒரு பறவை எங்கிருந்து கிளம்பி நம் சதுப்புக்கு வந்தது என்று தெரிந்துவிடும். பறவை நூறு மீட்டருக்குள் வந்து நிற்க, காலை வெளிச்சம் அதன் மேல் விழ, காற்று அடங்கியிருக்க, அப்போது 60-ஐத் திருகுங்கள், கொடி படிக்கக் கிடைக்கும். அதேபோல் மணல் உப்புக்கொத்திகளில் சின்னது எது, பெரியது எது என்று பிரிக்க அலகின் நீளத்தையும் கனத்தையும் தலையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பழுத்த ஆட்களே தடுமாறுகிற இடம் அது. கரண்டிமூக்கு உள்ளான் போன்ற மிக அரிய பறவையும் முன்பு இங்கே பதிவாகியிருக்கிறது. ஆயிரக்கணக்கான கொசு உள்ளான்களுக்கு நடுவில் அப்படி ஒன்றைச் சந்தேகித்தால், அலகின் நுனியை உறுதிசெய்ய அதிக மடங்கு இல்லாமல் முடியாது.

மழைக்கால நாட்களும் உண்டு. நவம்பர், டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை இடைவெளி விட்டு, வானம் மூடி, தரை ஈரமாக இருக்கிற காலைகளில் கானல் ஏறக்குறைய இல்லாமல் போய்விடும். மழை கழுவிவிட்ட காற்றில் தூசியும் இருக்காது. அந்த நாட்களில் 45, 50 மடங்கில்கூட இறகின் ஓரம் பிசிறில்லாமல் தெரியும். வெளிச்சம் குறைவாக இருப்பதால் 60 வரை போக முடியாமல் போகலாம், அவ்வளவுதான். ஜனவரி கடைசியில் சம்பா அறுத்து வயல் காய்ந்த பிறகு அந்தச் சுகம் போய்விடும். ஆகவே மாணவர்களைக் கூட்டிப்போக நாள் பார்க்கும்போது, மழை வரும் என்று பயந்து பிப்ரவரிக்குத் தள்ளாதீர்கள்.

மூன்று இடங்களும் ஒன்றுபோல் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். உதயமார்த்தாண்டபுரத்தில் ஏரிக்குள் இருக்கும் மரங்களில் நத்தைகுத்தி நாரைகள், அரிவாள் மூக்கன்கள் கூடு கட்டுவதைக் கரையிலிருந்தே பார்க்கலாம். அங்கே 20 தாராளம், பல நேரம் 8×42 பைனாகுலரே போதும். வடுவூரில் ஏரி அகலம், 20-30. இந்த இரண்டு ஏரிகளும் 2022-இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. கோடியக்கரையோ 1967-இலேயே சரணாலயமாகி 2002-இல் ராம்சர் தலமானது. அதன் சதுப்பில் தூரத்துக்கு எல்லையே கிடையாது, அதனால்தான் அங்கே போகிறவர்களுக்குப் பவர் மேல் ஆசை வருகிறது. கண்ணுக்கு எட்டுகிற தூரம் எல்லாம் ஸ்கோப்புக்கு எட்டும் என்று நினைத்துவிடுகிறோம். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்கும் போகிறீர்களென்றால், படகில் ஸ்கோப்பால் ஒரு பயனும் இல்லை. படகின் ஆட்டம் 20 மடங்காகும். பைனாகுலர் மட்டும் எடுத்துப் போங்கள்.

இந்த ஆட்டம் தரையிலும் உண்டு, இதைத்தான் ஸ்கோப் வாங்குகிறவர்கள் மறக்கிறார்கள். ஒதுக்கிய பணத்தில் கால் பங்கையாவது ட்ரைபாடுக்கும் அதன் தலைக்கும் வையுங்கள். மொபைலுக்கு விற்கும் மெலிந்த ட்ரைபாடில் 80 மில்லிமீட்டர் ஸ்கோப்பை வைத்தால், கோடியக்கரைக் கடற்காற்றில் 30 மடங்குகூடத் தாங்காது. கால் கனமாக, வீடியோ எடுக்கிறவர்கள் பயன்படுத்துகிற வழவழப்பாகத் திரும்பும் தலையோடு வாங்குங்கள். நடுத்தண்டை உயர்த்தாதீர்கள். கால்களை அகலமாக விரித்து, நடுவில் தண்ணீர்ப் பை ஒன்றைத் தொங்கவிட்டு, பிள்ளைகளை உட்காரவைத்துப் பார்க்கவிட்டால் ஆட்டம் பாதியாகக் குறையும். காற்று பலமாக இருந்தால் பேருந்தை ஓரமாக நிறுத்தி அதன் மறைவில் ஸ்கோப்பை வையுங்கள், ஆனால் எஞ்சின் நின்றிருக்க வேண்டும், பானெட்டிலிருந்து எழும் சூடும் பார்வைக் கோட்டில் வரக்கூடாது.

கண்ணை வைத்துப் பார்க்கும் ஐபீஸ் நேராக உள்ளது, சாய்ந்தது என்று இரண்டு வகை வரும். பள்ளிக்குச் சாய்ந்ததுதான். உயரமான பிள்ளை கொஞ்சம் குனிந்தால் போதும், குள்ளப் பிள்ளைக்கும் எட்டும், ஒவ்வொருவருக்கும் ட்ரைபாடை ஏற்றி இறக்க வேண்டாம். கண்ணாடி போட்டவர்கள் உங்களிலும் மாணவர்களிலும் இருப்பார்கள். கண்ணுக்கும் ஐபீஸுக்கும் நடுவில் 15 மில்லிமீட்டராவது இடைவெளி கிடைக்கிற மாடலாகப் பாருங்கள். அது குறைந்தால் கண்ணாடி போட்ட பிள்ளைக்குப் படத்தின் நடுவட்டம் மட்டும்தான் தெரியும். ஸ்கோப்பின் லென்ஸில் ஈ.டி. வகைக் கண்ணாடி என்று போட்டிருப்பதற்குக் கொஞ்சம் கூடக் கொடுக்க முடிந்தால் கொடுங்கள். வெள்ளைப் பறவையின் விளிம்பில் ஊதா நிறம் கசிவதை அது குறைக்கும். ஜூமை 60-லிருந்து 75-ஆக்கக் கொடுக்கிற பணத்தைவிட இதற்குக் கொடுக்கிற பணம் ஆயிரம் தரம் மேல்.

வாங்கும் முன் கடைக்கு வெளியே கொண்டுவந்து பார்க்க அனுமதி கேளுங்கள். கடைக்குள் ஏசி காற்றில் எல்லா ஸ்கோப்பும் நன்றாகத்தான் தெரியும். முக்கால் கிலோமீட்டர் தள்ளி ஒரு கோபுரக் கலசத்தையோ செல்போன் கோபுரத்தையோ பாருங்கள், சூரியன் இருக்கும் திசைக்கு மட்டும் திருப்பாதீர்கள். ஒரே ஒரு நொடி சூரியனைப் பார்த்தாலும் கண் போய்விடும், இதைப் பிள்ளைகளிடம் முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். 20-இல் வைத்துக் கூர்மையாக ஃபோகஸ் செய்யுங்கள். பிறகு ஜூமை மெதுவாக ஏற்றிக்கொண்டே போங்கள். ஒரு இடம் வரை ஏற ஏறப் புதிதாக ஏதாவது தெரியும், ஒரு போல்ட், ஒரு விரிசல், ஒரு எழுத்து. அதற்கு மேல் படம் பெரிதாகும், புதிதாக ஒன்றும் தெரியாது. அந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஸ்கோப்புக்கு, அந்த நேரத்துக் காற்றில், அதுதான் உண்மையான உச்ச மடங்கு. வானத்துக்கு எதிரே கலசத்தின் விளிம்பில் ஊதாவோ பச்சையோ கசிகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இதே சோதனையை வாங்கிய பிறகு கோடியக்கரையில் காலை ஏழு மணிக்கும் பதினொரு மணிக்கும் மாணவர்களையே செய்யச் சொல்லுங்கள். காற்று எப்படிச் சூடாகிறது என்பதை அவர்கள் தங்கள் கண்ணாலேயே படித்துவிடுவார்கள்.

பராமரிப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் அலட்சியம் வேண்டாம். கடற்கரைக் காற்றின் ஈரத்தில் கண்ணாடிக்குள் பூஞ்சை பிடித்தால் ஸ்கோப் போனதுபோல்தான். நைட்ரஜன் நிரப்பி, நீர் புகாதபடி மூடியதாக வாங்குங்கள். பள்ளி பீரோவில் துணிப் பையோடு பூட்டி வைக்காதீர்கள், காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள், அது நிறம் மாறியதும் மாற்றுங்கள். ஏசி அறையிலிருந்து நேராக வெளியே எடுத்தால் கண்ணாடியில் நீர் பூக்கும், பையோடேயே கொஞ்ச நேரம் வெளியில் வைத்துவிட்டு எடுங்கள். கோடியக்கரை போய்வந்தால் ட்ரைபாட் கால்களை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துவிடுங்கள், உப்பு மூட்டுகளைத் தின்றுவிடும். முன்கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைக்கவே கூடாது. அதில் ஒட்டியிருப்பது உப்புத் துகளும் மணலும், தேய்த்தால் கீறல். முதலில் ஊதும் பந்தால் ஊதுங்கள், பிறகு மென்மையான தூரிகை, அப்புறம்தான் லென்ஸ் துணி.

ஆக, டீச்சர், 20-60×80, சாய்ந்த ஐபீஸ், நல்ல ட்ரைபாட். இந்த மூன்றும் சேர்ந்து பட்ஜெட்டைத் தாண்டினால் ட்ரைபாடைக் குறைக்காமல் ஸ்கோப்பை 15-45×65-ஆக மாற்றுங்கள். பணம் மிச்சமானால் இரண்டு 8×42 பைனாகுலர் வாங்குங்கள். ஸ்கோப் வரிசையில் நிற்கிற பிள்ளைகள் காத்திருக்கும் நேரத்தில் சும்மா நிற்க வேண்டாம், அவர்கள்தான் அடுத்து ஸ்கோப்பை எங்கே திருப்ப வேண்டும் என்று கண்டுபிடித்துச் சொல்வார்கள்.